மொத்தமாக மாற்று

ஜூலை 21

நாட்குறிப்பைத் தனியாக வைத்துக்கொள்ளும் வசதி எனக்கு இல்லை. என் கணவர் செல்லமுத்து மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள்முதல், இந்த வீட்டில் அவர் திறந்து பார்க்காத இழுப்பறை கிடையாது. அதனால் கணினியில் நாவல் எழுதும் கோப்பின் வாலிலேயே இதையும் ஒட்டிவிடுகிறேன். அவர் இதுவரை திறக்காத ஒரே பெட்டி என் நாவல்தான்.

ஊருக்கு நான் மஞ்சரி மித்ரா, குடும்பக் காதல் நாவலாசிரியை. ரேஷன் கார்டில் பூவாத்தாள். ஈரோட்டில் பூவாத்தாள் எழுதிய காதல் கதையை யார் படிப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.

இன்று ஷர்மி சென்னையிலிருந்து அழைத்தாள். என் நாவல்கள் வரும் இணையதளம் அவளுடையது.

"அக்கா, ஆகஸ்ட்ல 'உல்டா' போட்டி வைக்கிறோம். உங்க பழைய ஹிட் ஒண்ணை எடுங்க. ஹீரோவைப் பொண்ணாக்கணும், ஹீரோயினை ஆணாக்கணும். மத்தபடி ஒரு சம்பவம்கூட மாறக் கூடாது."

"அட, சோத்தைத் திருப்பிச் சூடு பண்றதுதானே. அதுல நான் கில்லாடி."

எடுத்துக்கொண்டது 'உன் கோபமே என் குங்குமம்'. ருத்ரன் என்கிற கோபக்காரக் கோடீஸ்வரன் நாயகியைப் பின்தொடர்வான், அவள் வேலையைப் போக்குவான், வேறொருவனோடு மணமேடையில் உட்கார்ந்திருப்பவளுக்கு அடியாட்களோடு வந்து தாலி கட்டுவான், மலை பங்களாவில் பூட்டி வைப்பான். கடைசியில் அவள் அவன் மார்பில் சாய்ந்து, "ஏன் இத்தனை தாமதமாக வந்தீர்கள்?" என்று கேட்பாள். தமிழ்நாடே அழுதது. தமிழ்நாடு என்றால் என் வாசகிகள். தாராபுரம் தேன்மொழி என்று ஒரு பெண் ஒவ்வொரு யூடிக்கும், அதாவது இணையத்தில் போடும் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும், முதல் ஆளாக வருவாள். "எனக்கும் ருத்ரன் மாதிரியே ஒருத்தர் அமைஞ்சிட்டார் அக்கா, அடுத்த மாசம் கல்யாணம்" என்று எழுதியதுதான் கடைசி. அப்புறம் ஆளையே காணோம். குடும்பம் குட்டி என்று வந்துவிட்டால் எழுத்தாளரை யார் நினைக்கிறார்கள்!

எங்கள் வீட்டிலும் கல்யாணக் களைதான். போன வாரம், ஆடி பிறப்பதற்குள், நவீனாவைப் பார்க்க வந்தார்கள். ஒரே மகள், ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. பையன் சஞ்சீவ், காங்கேயத்தில் எண்ணெய் மில். வந்ததும் என்னைப் பார்த்து, "அத்தை, எங்க வீட்ல எல்லாரும் உங்க ரசிகருங்க. நான் ஒரு நாவல் விட்டதில்லீங்க" என்றார். அங்கேயே விழுந்துவிட்டேன். எழுத்தாளரைக் கவிழ்க்கச் சீர்வரிசை தேவையில்லை.

காபி கொடுக்கும்போது நவீனா பயத்தில் நிமிரவே இல்லை. டம்ளர் நடுங்கியது. என்ன அழகான பயம்! அவர்கள் போனபின் அடுப்படிக்கு வந்து, "எனக்கு என்னமோ பயமா இருக்குதும்மா" என்றாள். "அது பயம் கண்ணு, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்று தலையைத் தடவினேன். ஆவணி முதல் முகூர்த்தத்தில் உப்புச் சர்க்கரை மாற்றி உறுதி செய்வதாகப் பேச்சு.

ஜூலை 24

மாப்பிள்ளை வந்தார். நவீனாவுக்குப் புது போன் பரிசு. வெறும் போனா? அவரே எல்லாவற்றையும் போட்டு, எண்ணை மாற்றி, பழையதைக் கையோடு வாங்கிக்கொண்டார். அவள் எங்கே இருந்தாலும் அவர் போனில் தெரியுமாம்.

"பத்திரமா இருக்கணுமில்லீங்க அத்தை. நாளைக்கு நம்ம வீட்டுப் பொண்ணு."

நவீனா பயத்தோடு வாங்கிக்கொண்டாள். என் ருத்ரனுக்கு இது தோன்றவில்லையே! தோன்றியிருந்தால் அவளைத் தேடிக் கோவை முழுக்கக் கார் ஓட்டிய யூடிகள் மிச்சமாகியிருக்கும்.

ஜூலை 26

மாவு புளித்துவிட்டது. நவீனா இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை. புடவைக்காரரை வரச் சொல்ல வேண்டும்.

ஜூலை 29

சாப்பிடும்போது நவீனா போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைக்கிறாள். அதில் மாப்பிள்ளை. அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று பார்ப்பாராம். "மாப்பிள்ளைக்கும் ஒரு இலை போடு பூவா" என்று என் கணவர் சிரித்தார். அப்புறம் ஏனோ சிரிப்பை நிறுத்திக்கொண்டு ரசத்தைக் குடித்தார்.

"அந்த நீலச் சுடிதாரா? மாத்திட்டு வா நவி" என்றது சொம்பு. சோற்றுக் கையைக் கழுவிக்கொண்டு போய் மாற்றிவந்தாள். உரிமை! எனக்கே பயமாக இருந்தது, சின்னஞ்சிறுசுகள் நடுவில் நாம் உட்கார்ந்திருக்கிறோமே என்று.

ஆகஸ்ட் 2

உல்டா வேலை ஆரம்பம். நாயகன் ருத்ரதேவன் ருத்ரதேவி ஆனாள். நாயகி இனியா இனியன் ஆனான். பெயரை மாற்றுவது சுலபம். 'தேடு' என்பதில் ஒன்று, 'மொத்தமாக மாற்று' என்பதில் ஒன்று, ஒரே தட்டு. கணினி கண்டுபிடித்தவருக்குக் கோயில் கட்ட வேண்டும்.

சிக்கல் அப்புறம்தான். தாலியை யார் கட்டுவது? யோசித்து யோசித்து, ருத்ரதேவி அடியாட்களோடு மேடையேறி, தாலியை இனியன் கையில் திணித்து, "கட்டுடா" என்று கழுத்தை நீட்டும்படி வைத்தேன். எழுதிவிட்டு நானே சிரித்ததில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அடுத்த சிக்கல் வெட்கம். என் நாவலில் பக்கத்துக்குப் பக்கம் வெட்கம். அவன் முறைத்தால் வெட்கம், கையை முறுக்கினால் வெட்கம், கதவைப் பூட்டினால் பெரிய வெட்கம். ஆறடி இனியன் வெட்கத்தில் சிவந்து கட்டைவிரலால் தரையைக் கீறினால் என் வாசகிகள் விட்டுவைப்பார்களா? ஒரு பெண் இப்படியெல்லாம் செய்தால் ஆண்பிள்ளை என்ன ஆவான்? பயப்படுவான். சரி. 'வெட்க' என்று தேடு, 'பய' என்று மாற்று. வெட்கம் பயமாகும், வெட்கத்தோடு பயத்தோடு ஆகும், வேற்றுமை உருபெல்லாம் தானாகப் பொருந்தும். பேச்சில் வரும் 'வெக்க'வையும் விடவில்லை. ஒரு தட்டு. முடிந்தது.

பயப்படுகிற ஆண் எப்படி இருப்பான் என்பதுதான் தெரியவில்லை. வீட்டிலிருந்தே கொஞ்சம் இரவல் வாங்கிக்கொண்டேன். பழைய நாவலில் ருத்ரன் எதிரே உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்ப்பான்; இதில் இனியன் போனைச் சொம்பில் சாய்த்து வைத்துச் சாப்பிடுகிறான்.

ஆகஸ்ட் 5

முதல் யூடிக்கு ஒரே கும்மாளம். "அக்கா வயிறு வலிக்குது", "கட்டுடா சீன் மாஸ்", "என் வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன், முறைக்கிறார்". ஏலக்காய் போட்டு டீ குடித்தேன்.

ஆகஸ்ட் 8

கருத்துகளின் தொனி மாறிவிட்டது. "இவ சைக்கோ அக்கா." "தம்பி, போலீஸுக்குப் போ." "அந்தப் பையன் சாப்பிடற இடம் படிச்சதும் நெஞ்சு அடைச்சுது." ஒருத்தி கேட்டிருந்தாள்: "இதுல அவங்கம்மா ஒருத்தி வர்றாளே, பையன் நடுங்கறதைப் பாத்துட்டுச் சந்தோஷமா இனிப்பு செய்யறா. அவ மனுசியா ராட்சசியா?"

ராட்சசியாம். பழைய நாவலில் அதே அம்மாதான், அதே கேசரிதான். அப்போது "இந்த மாதிரி அம்மா கிடைக்கக் கொடுத்து வைக்கணும்" என்றார்கள்.

ஷர்மி அழைத்தாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. 'காதல்'ங்கிற வகையில இருந்து எடுத்துட்டேன். 'திகில்'ல போட்டிருக்கேன்."

"ஒரு சம்பவம்கூட மாத்தலியே ஷர்மி! நீ சொன்னபடிதானே செஞ்சேன்?"

"அதாங்க்கா. பழசையும் எடுத்துப் பக்கத்துல வெச்சுப் படிச்சேன். ஒண்ணுகூட மாத்தல. எனக்குத் தூக்கமே வரலீங்க்கா."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் தூக்கம் போய்விடுகிறது.

ஆகஸ்ட் 10

நவீனா வேலையை விட்டுவிட்டாள். அலுவலகத்தில் கூட வேலை செய்கிற பையன் ஒருவன் பைக்கில் பேருந்து நிலையம்வரை கொண்டுவந்து விட்டானாம். மாப்பிள்ளை அங்கேயே காரோடு நின்றிருக்கிறார். காங்கேயத்திலிருந்து! மழையில்! "இனிமே வேலை எதுக்குங்க அத்தை, வீட்ல கல்யாண வேலை கெடக்குது" என்று என்னிடம் போனில் சிரித்தார். நியாயம்தானே.

புது வளையல் அளவு சின்னது போலிருக்கிறது. நவீனாவின் மணிக்கட்டு கன்றியிருக்கிறது, நாலு விரல் அகலத்துக்கு. "வளையலா கண்ணு?" என்றேன். "ம்" என்றாள். வெட்கத்தில் கையை இழுத்துக்கொண்டாள். வளையலை மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 11

மீன்காரி வரவில்லை. எனக்குக் காரணமில்லாமல் படபடப்பாக இருக்கிறது. சர்க்கரை பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 13

ராத்திரி உட்கார்ந்து அடிக்கிறேன், பிழைகள் இருக்கும்.

காலையில் மணிக்கட்டுக் காட்சி எழுத உட்கார்ந்தேன். ருத்ரதேவி இனியனின் கையைப் பிடித்து முறுக்கும் இடம். பழைய நாவலில், "அவன் விரல்கள் பதிந்த இடத்தை அவள் வெட்கத்தோடு முத்தமிட்டாள்." இதில் பயத்தோடு முத்தமிடுகிறான். எந்த மடையன் முத்தமிடுவான்? விடை தெரியாமல் சுட்டெலியை உருட்டிக்கொண்டே இருந்தேன். கோப்பு ஓடி ஓடிக் கடைசிக்கு வந்துவிட்டது. இங்கே. இந்த நாட்குறிப்புக்கு.

மொத்தமாக மாற்று என்றால் மொத்தமாகத்தான் மாற்றியிருக்கிறது. நாவலோடு நிற்கவில்லை, வாலையும் சேர்த்து மாற்றிவிட்டது. ஆகஸ்ட் இரண்டாம் தேதிக்கு முன் நான் வெட்கம் என்று எழுதிய இடத்திலெல்லாம் பயம்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. எனக்கு எதற்கும் முதலில் அதுதான் வரும்.

"காபி கொடுக்கும்போது நவீனா பயத்தில் நிமிரவே இல்லை. டம்ளர் நடுங்கியது. என்ன அழகான பயம்!"

இரண்டாவது முறை படிக்கும்போது சிரிப்பு பாதியில் நின்றது. பயத்தோடு போனை வாங்கிக்கொண்டாள். எனக்கே பயமாக இருந்தது. ஓரிடம்கூடப் பொருந்தாமல் போகவில்லை. வெட்கம் என்று இருந்தபோது எங்கேயோ ஒரு சுருக்கம் இருந்தது, நான் இஸ்திரி போட்டுப் போட்டு வைத்திருந்தேன். இப்போது துணி படிந்து கிடக்கிறது.

அப்புறம் அந்த வரி. "எனக்கு என்னமோ பயமா இருக்குதும்மா." இதைக் கணினி மாற்றவில்லை. அவள் சொன்னதே அதுதான், அடுப்படியில் நின்று, பயம் என்றே சொன்னாள். அடுத்த வரியில்தான், நான் பதில் சொன்ன இடத்தில்தான், வெட்கம் என்று இருந்தது.

எழுந்தேன். குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம். உணவு மேசையில் நவீனாவின் போன் அடித்தது. எடுத்தேன்.

"நவி?"

"நான்தானுங்க மாப்பிள்ளை. குளிக்கிறா."

"தெரியுமுங்க அத்தை. ரொம்ப நேரமா தண்ணி சத்தம் கேக்குது. அதான் கூப்பிட்டேன்."

அழைப்பை இப்போதுதான் எடுத்தேன். அதற்கு முன் தண்ணீர் சத்தம் இவருக்கு எப்படிக் கேட்டது? போனைக் கையில் வைத்துக்கொண்டு, பாம்பைப் பிடித்தவள் மாதிரி நின்றேன். கீழே வைக்கவும் பயம். அதை இரண்டு தலையணைக்கு நடுவில் அமுக்கிவிட்டுக் குளியலறைக் கதவைத் தட்டினேன்.

நவீனா முழு உடுப்போடு இருந்தாள். குளிக்கவே இல்லை. குழாயைத் திறந்துவிட்டுக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"இங்க மட்டும்தாம்மா போன் கொண்டு வர வேண்டாம்" என்றாள். குசுகுசுவென்று, என் வீட்டில், என்னிடம்.

கையைப் பிடித்துப் பார்த்தேன். "இது வளையல் இல்லையா கண்ணு?"

"நீதானம்மா வளையல்னு சொன்ன."

குழாயை மூடவில்லை. சத்தம் இருக்கட்டும் என்று அவள் கண்ணைக் காட்டினாள். ஈரத் தரையில் நானும் உட்கார்ந்தேன். என் உடம்புக்கு அந்தக் குளியலறை போதாது. இரண்டு பேரும் முட்டி இடிக்க உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதோம்.

ஆகஸ்ட் 14

செல்லமுத்துவிடம் மொட்டை மாடியில் வைத்துச் சொன்னேன். அவர் வடாம் காயவைத்த துணியின் நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்குச் சாப்பிடறப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு பூவா. நீ சிரிச்சுட்டு இருந்தியே, சரி, பொம்பளைங்களுக்கு இதெல்லாம் புடிக்கும்போலன்னு இருந்துட்டேன்."

என் முப்பது வருட இலக்கியச் சேவைக்கு இதைவிட நல்ல விமர்சனம் வரப்போவதில்லை.

காங்கேயத்துக்குப் பேசி, உப்புச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டோம். ஏன் அரிசிப் பானை என்று கேட்டால் எங்களுக்கே தெரியாது.

ஆகஸ்ட் 15

தெருமுனையில் வெள்ளைக் கார். ஊரில் வெள்ளைக் காரா இல்லை என்று சொல்லிக்கொண்டேன். மத்தியானம் பார்த்தால் அங்கேயே. சாயங்காலம் துணி எடுக்கப் போகவில்லை.

ஆகஸ்ட் 16

வந்துவிட்டான். (கவனித்தேன், 'வந்துவிட்டார்' என்று கை எழுதவில்லை.) காலையில் நான் பால் எடுக்க இறங்கியபோது வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெள்ளைச் சட்டை, விபூதி, கையில் மல்லிகைப்பூ.

"நவியைக் கூப்பிடுங்க அத்தை."

"வேண்டாமுங்க தம்பி. பெரியவங்க பேசிட்டாங்க. அவளுக்கு இஷ்டமில்லை."

சிரித்தான். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. "உங்க கதையில எந்தப் பொண்ணு மொதல்லயே இஷ்டம்னு சொல்லியிருக்காங்க? எல்லாம் வேண்டாம் வேண்டாம்னுதானே அழுவாங்க. அதுக்கோசரம் எந்த ருத்ரன் திரும்பிப் போனான்? நீங்க எழுதினதுதானுங்களே."

பால் பாக்கெட் என் கையிலிருந்து விழுந்து உடைந்தது. அவன் கேட்டின் தாழ்ப்பாளை உள்பக்கம் கைவிட்டுத் தேடினான். பார்க்காமலே, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தேடினான். என் கால்கள் பாலில் ஒட்டிக்கொண்டன.

"கையை எடு."

நவீனா. தலை வாராமல், அந்த நீலச் சுடிதாரில், படியில் நின்றாள்.

"நவி, நான் சொல்றதை..."

"கையை எடுடான்னேன்! எங்கம்மா எழுதினா அது கதை. நான் சொல்றேன், எனக்கு வேண்டாம். தெருவுக்கே கேக்கறாப்பல சொல்லட்டுமா? எனக்கு உன்னை வேண்டாம்!"

அப்படி ஒரு குரல் அவளுக்கு இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. எதிர் வீட்டு மாடியில் மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். பக்கத்து வீட்டு நாய் தன் பங்குக்கு. செல்லமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் எதற்கோ குழல்விளக்கோடு ஓடிவந்தார்.

சஞ்சீவ் பூவைக் கேட்டின் கம்பியில் நிதானமாகச் சுற்றிவிட்டு, "வர்றேனுங்க அத்தை" என்று சொல்லிப் போனான். போகிறேன் என்று சொல்லவில்லை. நல்ல பழக்கமுள்ள குடும்பம், யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை.

நவீனா உள்ளே வந்ததும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கன்னம் சிவந்திருந்தது. என் நாவல்களில் பெண்ணின் கன்னம் சிவந்தால் ஒரே காரணம்தான். கோபத்தை எல்லாம் அள்ளி ஹீரோக்களுக்கே கொடுத்துவிட்டிருந்தேன்.

மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். போனையும் அரிசியோடு கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ஆகஸ்ட் 19

கடைசி யூடி போட்டேன். போட்டியின் விதியை மீறிவிட்டேன். இனியனின் அம்மா கேசரிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, மலைக்குப் பேருந்து ஏறிப் போய், பூட்டிய கதவை உடைக்கிறாள். கோடரியை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, ஒரு பக்கம் முழுக்க உடைத்தோம். என்னைத் தகுதி நீக்கம் செய்துவிட்டதாக ஷர்மி சொன்னாள், சொல்லும்போதே மூக்கை உறிஞ்சினாள்.

செல்லமுத்து கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். காவலாம். சும்மா உட்காரப் பிடிக்காமல் பழைய நாவலை முதல்முறையாக எடுத்துப் படிக்கிறார். இரண்டாம் பக்கத்திலேயே, "ஏம்புள்ள, இவனைப் பத்தி யாரும் புகார் குடுக்கலியா?" என்று கத்தினார்.

முனையில் கார் இல்லை. இல்லாதது இருப்பதைவிட மோசம். எங்கே நிறுத்தியிருக்கிறான் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 22

நவீனா நேற்று மூன்று தோசை சாப்பிட்டாள். இன்று ஒன்று. நாளைக்குப் பார்க்கலாம். ஆடிட்டர் அலுவலகத்தில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள், அப்பாவோடு போய் அப்பாவோடு வருவதாக ஏற்பாடு. கேட்டுக்கு உள்பூட்டு போட்டாயிற்று. யார் மணியடித்தாலும் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம்.

மாறிப்போன இந்தக் கோப்பைத் திருத்தவில்லை. அப்படியே இருக்கட்டும்.

"அம்மா, பழைய நாவலையும் 'திகில்'ல போடச் சொல்லு" என்றாள் நவீனா. ஷர்மியிடம் சொல்வதற்காக அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கீழே பழைய கருத்துகள். எல்லாம் இதயமும் பூவும். உருட்டிக்கொண்டே போனேன். தேன்மொழி நின்றாள். எனக்கும் ருத்ரன் மாதிரியே ஒருத்தர் அமைஞ்சிட்டார் அக்கா, அடுத்த மாசம் கல்யாணம்.

அதற்குக் கீழே நான் அன்று போட்ட பதில்: "கொடுத்து வைத்தவள்!"

அவள் பெயரைத் தட்டினேன். செய்தி அனுப்பும் கட்டம் திறந்தது. என்னென்னவோ அடித்து அடித்து அழித்தேன். அப்புறம் சட்டென்று உறைத்தது, இதை அவள் மட்டும்தான் படிப்பாள் என்று என்ன நிச்சயம்? அதனால், யார் பார்த்தாலும் ஒன்றும் தோன்றாதபடி, ஒரு பக்கத்து வீட்டு அக்கா கேட்கிற மாதிரி, "கண்ணு, நல்லா இருக்கியா?" என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

காலையில் அனுப்பியது. படித்ததற்கான அடையாளம் வந்துவிட்டது. யாரோ படித்துவிட்டார்கள்.

பதில் இன்னும் வரவில்லை.